குரலைப் பதிக்காத வித்வான்: காஞ்சீபுரம் நயினாப் பிள்ளை

வானொலிப் பெட்டியின் குமிழைத் திருப்பினால் போதும், சங்கீதம் வந்துவிடுகிறது. காலமாகிவிட்ட வித்வான்களும் நம் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்து பாடுகிறார்கள். அரியக்குடி ராமானுஜய்யங்கார் 1967-ல் மறைந்தார். அவர் குரல் மறையவில்லை. வீணை தனம்மாள் 1938-ல் மறைந்தார். அவர் விரல் தொட்ட நாதம் இசைத்தட்டில் இருக்கிறது. பேரன் பேத்திகள் பிறக்குமுன்பே போய்விட்ட பெரியவர்களை இன்று செல்பேசியிலே கூடக் கேட்கிறோம்.

ஆனால் அரியக்குடிக்கு ஒரு வயது மூத்தவர் ஒருவர் இருந்தார். தென்னாட்டு மேடைகளில் அவர் பெயர் சொன்னால் பக்க வாத்தியக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். தாளம் தெரிந்தவர்கள் தொடையில் கை வைத்துக்கொண்டு கேட்பார்கள். பல்லவி என்றால் அவர், லயம் என்றால் அவர் என்று ஒரு தலைமுறை முழுவதும் பேசிற்று. அவருடைய பாட்டை மட்டும் இன்று எந்த வானொலி நிலையத்துப் பெட்டகத்திலும் எடுக்க முடியாது. அவர் குரல் பதிந்த இசைத்தட்டு ஒன்று கூட இல்லை.

அவர்தான் காஞ்சீபுரம் நயினாப் பிள்ளை. பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர் போன ஊருக்குச் சங்கீதத்திலும் ஒரு பெயர் வாங்கித் தந்தவர்.

சங்கீதம் நடந்து வந்த ஊர்

காஞ்சீபுரம் என்றதும் நமக்கு ஏகாம்பரநாதர் கோபுரமும், வரதராஜப் பெருமாளின் கருட சேவையும், காமாட்சியம்மன் சந்நிதியும் நினைவுக்கு வருகின்றன. அடுத்தபடியாகப் பிள்ளையார்பாளையத்துத் தறிகளும், சரிகைக் கரையிட்ட சேலைகளும் நினைவுக்கு வருகின்றன. கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளுக்கும் இவ்வூருடன் உறவு உண்டு என்பது பலருக்கு நினைவிராது.

சியாமா சாஸ்திரிகளின் முன்னோர் வழிபட்டு வந்த பங்காரு காமாட்சி, காஞ்சியிலிருந்து தஞ்சாவூர் போய்ச் சேர்ந்த அம்பிகை. முத்துஸ்வாமி தீட்சிதர் காஞ்சியில் தங்கியிருந்து, இங்கே மடம் அமைத்து வாழ்ந்த உபநிஷத் பிரம்மேந்திரரிடம் வேதாந்தம் பயின்றார். 108 உபநிஷத்துகளுக்கும் உரை எழுதிய பெரியவர் அந்த யோகி. அவருடைய அழைப்பின் பேரில் திருவையாற்றிலிருந்து தியாகராஜ ஸ்வாமிகளும் காஞ்சிக்கு வந்து, காமாட்சியையும் வரதராஜரையும் பாடினார்.

இத்தகைய ஊரில்தான், 1889-ஆம் ஆண்டில், நயினாப் பிள்ளை பிறந்தார். இட்ட பெயர் சுப்பிரமணியம். வீட்டார் நயினா என்று செல்லமாக அழைத்தார்கள். ஊராரும் அப்படியே அழைக்க, செல்லப் பெயரே சரித்திரத்தில் நிலைத்துவிட்டது.

பெரியம்மா வீட்டுப் பாட்டு

தாயார் காமாட்சி அம்மாள். அவருடைய சகோதரி காஞ்சீபுரம் தனகோடி அம்மாள். அந்நாளில் தனகோடி அம்மாளின் பெயர் தெரியாத ரஸிகர் இருக்க முடியாது. சகோதரிகள் இருவரும் சேர்ந்து பாடிய கச்சேரிகள் தென்னாடெங்கும் புகழ் பெற்றவை. கிராமபோன் என்னும் விந்தைப் பெட்டி நம் நாட்டில் புகுந்த ஆரம்ப ஆண்டுகளில், துணிந்து குழலின் முன் நின்று பாடிய பெண்மணிகளில் தனகோடி அம்மாளும் ஒருவர். அந்த வீட்டுப் பெண்ணின் குரல் இசைத்தட்டில் ஏறிற்று. அதே வீட்டுப் பிள்ளையின் குரல் ஏறவில்லை. விதியின் விளையாட்டு என்றுதான் சொல்ல வேண்டும்.

வீட்டில் காலையும் மாலையும் தம்பூரா ஒலித்தாலும், சிறுவன் நயினாவுக்கு விளையாட்டிலும் தேகப் பயிற்சியிலும்தான் மோகம் அதிகம் என்று சொல்வார்கள். மற்ற பிள்ளைகள் ஐந்து வயதில் சரளி வரிசை தொடங்கும்போது, இவர் தெருவில் இருந்தார். சங்கீதத்தைத் தன் வாழ்வாக எடுத்துக்கொண்டது வளர்ந்த பிறகுதான்.

ஆனால் காது சும்மா இருக்கவில்லை. பெரியம்மா பாடிய கீர்த்தனைகள், தாயார் பாடிய கீர்த்தனைகள், வீட்டுக்கு வந்துபோன வித்வான்கள் விவாதித்த நுணுக்கங்கள் எல்லாம் அந்தக் காதில் விழுந்துகொண்டேயிருந்தன. கேள்வி ஞானம் என்று நம்மவர்கள் சொல்கிறார்களே, அதற்கு இவரைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. பாட வேண்டும் என்ற வெறி வந்தபோது, நெல் ஏற்கெனவே களஞ்சியத்தில் இருந்தது. குத்திப் புடைக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த வேலையை அவர் அசுர சாதகமாகச் செய்தார். ஜலதரங்கம் ரமணய்யச் செட்டியார் என்ற பெரியவரிடம் தியாகராஜ கீர்த்தனைகள் குவிந்திருந்தன. நயினாப் பிள்ளை அவரை அண்டிப் பல உருப்படிகளைப் பாடம் செய்துகொண்டார். எங்கே அபூர்வமான கீர்த்தனை இருக்கிறது என்று தெரிந்தாலும் அதைத் தேடிப் போய்ப் பெறுவது அவர் வழக்கமாயிற்று. பத்துப் பாட்டை வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கச்சேரி செய்யும் வித்வானாக அவர் இருக்கவில்லை.

முழு பெஞ்சுக் கச்சேரி

நயினாப் பிள்ளையின் பெயருடன் ஒட்டிக்கொண்ட சொல் ஒன்று உண்டு. ஃபுல் பெஞ்ச் கச்சேரி என்பது அது. ஹைகோர்ட்டில் முக்கியமான வழக்கென்றால் பல நீதிபதிகள் ஒன்றாக அமர்ந்து விசாரிப்பார்கள் அல்லவா? அதைப் பார்த்து ரஸிகர்கள் வேடிக்கையாக வைத்த பெயர்.

சாதாரணமாக ஒரு பாடகருக்கு ஒரு பிடில், ஒரு மிருதங்கம் இருந்தால் போதும். நயினாப் பிள்ளையின் மேடையில் பிடில், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், டோலக், கொன்னக்கோல் என்று ஒரு படையே அணிவகுத்திருக்கும். அதிலும் சாமானியமானவர்களா? மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை பிடிலுக்கு. மான்பூண்டியாப் பிள்ளையின் சீடர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை கஞ்சிராவுக்கு. வாயாலேயே மிருதங்கச் சொற்களை மழையாகக் கொட்டும் மன்னார்குடி பக்கிரியாப் பிள்ளை கொன்னக்கோலுக்கு. இப்படிப்பட்ட மகாவித்வான்கள் அவருடைய மேடையை அலங்கரித்தார்கள்.

இத்தனை பேரை வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்து பாடுவது விளையாட்டல்ல. ஒவ்வொருவரும் லயத்தில் புலி. பாடகர் அரை அட்சரம் தவறினால் ஏழு பேருக்கும் தெரியும். எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கும் தெரியும். நயினாப் பிள்ளை தாமாகவே விரும்பித் தம்மைச் சுற்றி இந்தப் பரீட்சையை ஏற்படுத்திக்கொண்டார்.

பரீட்சையின் உச்சக் கட்டம் பல்லவி. வாசகர்களில் சிலருக்குப் பல்லவி என்றால் பாட்டின் முதல் அடி என்றே தோன்றும். கச்சேரி மேடையில் பல்லவி என்பது வேறு. ஒரே ஒரு வரி. அதுவும் சிறிய வரி. அதை ஒரு தாளத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் எடுத்து, குறிப்பிட்ட இடத்தில் விட வேண்டும். பிறகு தாளத்தை மாற்றாமல் அந்த வரியை இரண்டு மடங்கு, நான்கு மடங்கு வேகத்தில் பாட வேண்டும். வரியை மாற்றாமல் தாளத்தின் வேகத்தை மாற்ற வேண்டும். நாலு நாலாகப் போகும் நடையை மூன்றாகவும் ஐந்தாகவும் திருப்ப வேண்டும். நிரவல் செய்ய வேண்டும். கற்பனை ஸ்வரங்கள் கோத்து அதே இடத்துக்கு வந்து சேர வேண்டும். முன்கூட்டி எழுதி வைத்துப் படிப்பதில்லை. மனோதர்மம் என்னும் கற்பனை அந்தந்தக் கணத்தில் பிறக்கிறது. ஒரு மணி நேரம் ஒரே வரி. அடுத்த கச்சேரியில் அதே வரியைப் பாடினாலும் அது வேறு பாட்டு.

காஞ்சீபுரத்து நெசவாளிக்கு இதை விளக்கச் சிரமப்பட வேண்டாம். பட்டுச் சேலையில் உடல் ஒரு வர்ணம், கரை வேறு வர்ணம். இரண்டையும் தனித்தனி நாடாவில் ஓட்டி, ஒவ்வோர் இழையிலும் ஒன்றோடொன்று பின்னிச் சேர்க்கிறார்கள். தறியில் நெசவாளி ஒருவர். பக்கத்துக் கரைக்கு நாடா கொடுக்க இன்னொருவர். ஒருவர் கை தாமதித்தால் சேலை கெட்டது. இந்த வேலைக்குக் கோர்வை என்று பெயர். மிருதங்க வித்வான் தனி ஆவர்த்தனத்தின் முடிவில் சொற்கட்டுகளை மும்முறை அடுக்கி, சரியான இடத்தில் கொண்டு வந்து விடுகிறாரே, அதற்கும் கோர்வை என்றே பெயர். நயினாப் பிள்ளையின் மேடையில் ஏழு நாடாக்கள் ஓடின. கரையும் உடலும் பிரியவில்லை.

கணக்கும் கனிவும்

பெரிய மனிதர்களுக்குக் குறை சொல்பவர்களும் உண்டு. இது சங்கீதமா, கணக்குப் பாடமா என்று கேட்டவர்கள் அந்நாளிலும் இருந்தார்கள். வாத்தியங்களின் முழக்கத்தில் ராகத்தின் மென்மை அமுங்கிப் போகிறது என்பது அவர்களுடைய கட்சி. சுருக்கமாகவும் விறுவிறுப்பாகவும் பாடி, எல்லா வகை ரஸிகரையும் திருப்தி செய்யும் கச்சேரி முறை ஒன்றை அரியக்குடி வகுத்துக்கொண்டிருந்த காலம் அது. நாளடைவில் அந்த முறையே நாட்டில் நிலைத்தது. முழு பெஞ்சுக் கச்சேரி அருகிவிட்டது.

குறையில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். ஆனால் நயினாப் பிள்ளையைக் கணக்கர் என்று மட்டும் சொல்லி ஒதுக்கிவிட முடியாது. அதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு.

ஒன்று, திருப்புகழ். அருணகிரிநாதரின் சந்தங்கள் நாவுக்கும் சவால், தாளத்துக்கும் சவால். கச்சேரி மேடையில் தெலுங்குக் கீர்த்தனைகளே கோலோச்சிய நாளில், நயினாப் பிள்ளை திருப்புகழை எடுத்துப் பாடி அதற்கு மேடையில் மதிப்புத் தேடிக் கொடுத்தார். கந்தபுராணம் அரங்கேறியதாகச் சொல்லப்படும் குமரகோட்டம் இருக்கும் ஊரில் பிறந்தவருக்கு முருகன் பாட்டில் மனம் போனது இயற்கைதானே?

இரண்டாவது சாட்சி, அவரைத் தேடி வந்த மாணவிகள். வீணை தனம்மாளின் குடும்பம் சங்கீதத்தில் நளினத்துக்குப் பெயர் போனது. அங்கே கத்திப் பாடுவது என்பதே கிடையாது. தனம்மாளின் மகள் லட்சுமிரத்தினம் தம் பெண்கள் பிருந்தாவையும் முக்தாவையும் கீர்த்தனைகள் கற்றுக்கொள்ளக் காஞ்சீபுரத்துக்கு நயினாப் பிள்ளையிடம் அனுப்பினார். வீட்டிலேயே அமுதசுரபியை வைத்துக்கொண்டிருந்த குடும்பம், வெறும் கணக்குக்காக ஒருவரிடம் பெண்களை அனுப்புமா? அவருடைய கீர்த்தனைப் பாடம் சுத்தமானது, அதில் ராகத்தின் ஜீவன் இருக்கிறது என்று அந்த வீட்டாரின் நுட்பமான காதுகள் தீர்ப்புச் சொல்லிவிட்டன.

பிற்காலத்தில் டி. பிருந்தா சங்கீத உலகின் பொக்கிஷம் என்று மதிக்கப்பட்டார். 1976-ல் சென்னை மியூஸிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றார். அமெரிக்காவில் வாஷிங்டன் சர்வகலாசாலையிலும் கற்பித்தார். காஞ்சீபுரத்தில் கற்ற பாடங்கள் கடல் கடந்தும் சென்றன.

ஊர் கூடிக் கேட்ட உற்சவம்

வித்வான்கள் பெரும்பாலும் புகழ் வந்ததும் சென்னைக்குக் குடி போய்விடுவார்கள். சபைகள் அங்கே, பத்திரிகைகள் அங்கே, பணக்காரர்கள் அங்கே. 1928-ல் மியூஸிக் அகாடமியும் அங்கே தோன்றிற்று. காஞ்சீபுரத்திலிருந்து சென்னை எழுபத்தைந்து கிலோமீட்டர்தான். ஆனால் நயினாப் பிள்ளையின் பெயருக்கு முன்னால் காஞ்சீபுரம் என்பது ஒட்டியே இருந்தது. தாம் போகும் ஊரில் கிடைத்த சங்கீதத்தைத் தம்மூருக்குக் கொண்டு வர வேண்டும் என்பது அவருடைய ஆசை.

ஆண்டுதோறும் காஞ்சியில் தியாகராஜ உற்சவம் நடத்தினார். பல நாள் விழா. தென்னாட்டின் பெரிய வித்வான்கள் வந்து பாடினார்கள். அவரும் பாடினார். தம் கைப்பொருளையும் உழைப்பையும் அதில் போட்டார். மகானின் பெயரால் நடந்த விழா ஊருக்கே பள்ளிக்கூடமாயிற்று.

அந்நாளில் சங்கீதம் கேட்க வழி என்ன இருந்தது? கோயில் உற்சவத்தில் நாகஸ்வரம். பெரிய வீட்டுக் கல்யாணத்தில் கச்சேரி. வசதியுள்ளவர் வீட்டில் ஒரு கிராமபோன் பெட்டி. இசைத்தட்டின் ஒரு பக்கம் ஓடுவது மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல். அதற்குள் ராகம், பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாம் அவசரமாக முடிந்துவிட வேண்டும். ஒரு மணி நேரம் ஒரே வரியைப் பாடும் நயினாப் பிள்ளையின் பல்லவியை எந்தத் தட்டில் அடக்குவது? அதைக் கேட்க வேண்டுமானால் அவர் எதிரில் போய் உட்கார வேண்டும். காஞ்சி மக்கள் ஆண்டுதோறும் போய் உட்கார்ந்தார்கள்.

கூட்டத்தில் ஒரு சிறுமி

அப்படி உட்கார்ந்தவர்களில் ஒரு சிறுமியும் இருந்தாள். காஞ்சிக்கு அருகிலுள்ள தாமல் கிராமத்துக் குடும்பம். தகப்பனார் கிருஷ்ணஸ்வாமி தீட்சிதர். 1919-ல் பிறந்த அந்தப் பெண்ணுக்கு நயினாப் பிள்ளையின் பாட்டென்றால் உயிர். உற்சவக் கச்சேரிகளுக்குச் சகோதரர்களுடன் வருவாள். பாட்டைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, வீட்டுக்குப் போய்ப் பாடிப் பார்ப்பாள். அவர் எதிரில் உட்கார்ந்து முறையாகச் சிட்சை பெறவில்லை. ஏகலைவனைப் போல மனத்துக்குள் குருவாக வைத்துக்கொண்டாள்.

அது எளிய காரியமல்ல. அந்தண வீட்டுப் பெண் மேடையேறிப் பாடுவது அந்நாளில் நடவாத விஷயம். மேடையில் பாடிய பெண்களுக்கும் பல்லவி ஆண்களின் சொத்து என்றே ஒதுக்கப்பட்டிருந்தது. கணக்கு வழக்கெல்லாம் பெண்ணுக்கு எதற்கு என்று உலகம் கேட்டது. நயினாப் பிள்ளையின் பல்லவியைக் கேட்ட சிறுமியின் காதில் அந்த உலகத்தின் பேச்சு ஏறவில்லை.

அந்தச் சிறுமிதான் டி. கே. பட்டம்மாள். பிற்காலத்தில் மேடையில் கடினமான பல்லவிகளைப் பாடிப் பல்லவி பட்டம்மாள் என்றே பெயர் வாங்கினார். நயினாப் பிள்ளையைத் தம் மானசீக குருவென்று வாழ்நாள் முழுவதும் போற்றினார்.

வானொலி வந்தது

இனி வானொலியின் கதைக்கு வருவோம். சென்னையில் 1924-ல் சி. வி. கிருஷ்ணஸ்வாமி செட்டியாரின் முயற்சியால் ரேடியோ கிளப் ஒன்று தோன்றி ஒலிபரப்பைத் தொடங்கிற்று. பணமுடையால் 1927-ல் அது நின்று போயிற்று. கருவிகள் சென்னை மாநகராட்சியின் கைக்கு வந்தன. 1930-ல் மாநகராட்சி ஒலிபரப்பை மீண்டும் தொடங்கிற்று. மாலையில் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வழியே சங்கீதம் கேட்டது. சிறுமி பட்டம்மாளும் அந்த வானொலியில் பாடினார். பிறகு 1938-ஆம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது. இனி வித்வானைத் தேடி ரஸிகர் போக வேண்டாம். வித்வானே ரஸிகரின் வீட்டுக்கு வந்துவிடுவார்.

ஆனால் நயினாப் பிள்ளை அதைப் பார்க்க இருக்கவில்லை. 1934-ஆம் ஆண்டு, நாற்பத்தைந்து வயது நிறையுமுன்பே, அவர் காலமாகிவிட்டார். இன்னும் நான்கே ஆண்டுகள் இருந்திருந்தால் அவர் பல்லவி வானில் ஏறியிருக்கும். இருபது ஆண்டுகள் இருந்திருந்தால் நாடாவில் பதிந்து நமக்கும் கிடைத்திருக்கும். காலன் கணக்கில் பொல்லாதவன்.

இதே கதை உலகத்தின் மறு கோடியிலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் தென்பகுதியில் நியூ ஆர்லியன்ஸ் என்று ஒரு துறைமுகப் பட்டணம். ஜாஸ் என்னும் சங்கீதம் பிறந்த ஊர். அங்கேயும் வாத்தியக்காரர்கள் ஒரு சிறு மெட்டை எடுத்துக்கொண்டு, அந்தந்தக் கணத்துக் கற்பனையால் அதை விரித்து, ஒருவர்க்கொருவர் விட்டுக் கொடுத்து வாசிக்கிறார்கள். நம்முடைய மனோதர்மத்துக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். அந்த ஊரில் பட்டி போல்டன் என்ற கறுப்பின வாலிபர் கார்னெட் என்னும் ஊதுகருவியை வாசித்து, அந்தச் சங்கீதத்துக்கே முன்னோடி என்று பெயர் எடுத்தார். 1907-ல் சித்தம் கலங்கி மருத்துவ விடுதியில் அடைக்கப்பட்டார். 1931-ல் அங்கேயே மறைந்தார். அவர் வாசிப்புப் பதிந்த இசைத்தட்டு எதுவும் கிடைக்கவில்லை.

ஜாஸின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது 1917-ல். 1927 முதல் நியூயார்க்கிலுள்ள காட்டன் கிளப் என்னும் விடுதியில் டியூக் எலிங்டன் குழுவினர் வாசித்ததை வானொலி அமெரிக்கா முழுவதற்கும் கொண்டு சென்றது. நாடெல்லாம் ஜாஸ் கேட்டு ஆடியது. முன்னோடியின் ஊதல் மட்டும் காற்றோடு போயிற்று. அவரைக் கேட்டவர்களின் நினைவில்தான் அவர் வாழ்கிறார்.

காஞ்சீபுரத்துக்காரர் விஷயத்தில் நமக்குச் சற்று அதிக அதிர்ஷ்டம். அவர் நினைவை மட்டும் விட்டுப் போகவில்லை. பாடத்தையும் விட்டுப் போனார்.

சீடர்களின் குரலில்

குருகுல முறையில் அவருடன் தங்கி, மேடையில் அவருக்குப் பின்னால் அமர்ந்து பாடிப் பழகியவர் சித்தூர் சுப்பிரமணியப் பிள்ளை. குருவின் லயமும் கீர்த்தனைக் களஞ்சியமும் அவருக்கு வாய்த்தன. 1954-ல் சங்கீத கலாநிதி ஆனார். அவரிடம் பயின்றவர் மதுரை சோமசுந்தரம். மதுரை சோமு என்றால் தெரியாத தமிழர் யார்? நள்ளிரவு தாண்டியும் ஜனக்கூட்டத்தைக் கலையாமல் உட்கார வைத்தவர். 1972-ல் வந்த தெய்வம் என்ற படத்தில் மருதமலை முருகன் மீது அவர் பாடிய பாட்டு இன்றும் வானொலியில் ஒலிக்கிறது. ஒலிபெருக்கி கட்டிய முருகன் கோயில்களிலெல்லாம் கேட்கிறது. பெரிய பல்லவியைப் போலவே முருகன் பாட்டையும் மேடைக்கு உரியதாக மதித்த நயினாப் பிள்ளையின் வழியில் இரண்டு தலைமுறை தள்ளி வந்த குரல் அது.

பிருந்தா, முக்தா சகோதரிகள் வழியே ஒரு கிளை. சித்தூரார் வழியே ஒரு கிளை. எதிரே உட்கார்ந்து காதால் மட்டும் கற்ற பட்டம்மாள் வழியே மூன்றாவது கிளை. அவருடைய தம்பி டி. கே. ஜெயராமனும் அக்காளிடம் கற்றுப் பெரிய வித்வானாகி, அதைத் தழைக்கச் செய்தார்.

1947-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நாடு விடுதலை பெற்ற நாளில் சென்னை வானொலியில் பாரதியின் விடுதலைப் பாட்டைப் பாடும் பேறு பட்டம்மாளுக்குக் கிடைத்தது. தமிழ்நாட்டில் வானொலிப் பெட்டி இருந்த இடத்திலெல்லாம் ஜனங்கள் கூடி நின்று கேட்டார்கள். உற்சவக் கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு பெரியவரின் பாட்டைக் காதில் ஏந்திய காஞ்சிச் சிறுமியின் குரல் அது. நயினாப் பிள்ளை மறைந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

பட்டம்மாள் 1970-ல் சங்கீத கலாநிதி ஆனார். தொண்ணூறு வயது வரை வாழ்ந்து, 2009-ல் மறைந்தார். இவருடைய குரல் நிறையவே பதிவாகியிருக்கிறது. அசையாத காலப்பிரமாணம், ஒரு சொல் சிதையாத உச்சரிப்பு, அவசரமில்லாத நிரவல், இடம் தவறாமல் வந்து விழும் ஸ்வரக் கோர்வை எல்லாம் அதிலே இருக்கின்றன. அதைக் கேட்டால் காஞ்சீபுரத்து உற்சவ மேடையில் எந்த மாதிரிச் சங்கீதம் முழங்கிற்று என்பதை ஒருவாறு ஊகிக்கலாம்.

ஊருக்கு ஒரு பாடம்

நயினாப் பிள்ளையின் வாழ்க்கையிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கருவிகள் பெருகிய காலத்தில் வாழ்கிறோம். எதையும் பதிவு செய்து வைத்துவிட்டால் அது பிழைத்துவிட்டது என்று நினைக்கிறோம். ஆயிரம் கச்சேரிகளைச் செல்பேசியில் சேர்த்து வைத்துக்கொண்டு ஒன்றையும் முழுவதும் கேட்காதவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவர் காலத்தில் சேர்த்து வைக்கக் காது ஒன்றுதான் இருந்தது. சிறுமி ஒருத்தி அந்தக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு பல்லவி மரபு பிழைத்தது.

அவள் வந்து உட்கார ஓர் உற்சவம் இருந்ததே, அதுதான் விசேஷம். பெரிய வித்வான் ஒருவர் தம் ஊரை மறக்காமல், ஆண்டு தவறாமல் அங்கே ஒரு விழா எடுத்தார். யார் வருவார்கள், எந்த மூலையில் யார் காதில் என்ன விழும் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பட்டு நெய்கிறவருக்கும் அந்தச் சேலையை யார் உடுத்தப் போகிறார்கள் என்று தெரியாது. இழை பிசகாமல் நெய்து கொடுப்பதே அவர் வேலை.

இன்றும் நம் ஊர்களில் சின்னச் சின்ன உற்சவங்கள் நடக்கின்றன. பந்தலில் நாற்பது பேர் இருப்பார்கள்; அவர்களில் ஐந்தாறு குழந்தைகள் இருக்கும். வீட்டிலே கேட்டுக்கொள்ளலாம் என்று நாம் சோம்பி இருந்துவிடுகிறோம். அடுத்த முறை அப்படி ஒரு கச்சேரி நடக்கும்போது வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய் முன் வரிசையில் உட்காருங்கள். குரலைப் பதிக்காமல் போன காஞ்சீபுரத்துப் பெரியவருக்கு அதைவிட நல்ல ஞாபகார்த்தம் வேண்டியதில்லை.